ஆலை வாங்காத மரம்

ஸோர்வே முனையில் விழுந்த ஓக் என்றதுமே
அறுவை ஆலைக்காரர் தொலைபேசியை வைக்கப் போனார்.
வைக்கும் முன் ஒன்று சொன்னார்:
"உன் மரத்தின் விலையைவிட
என் ரம்பத்தின் விலை அதிகம், ஹெல்வே."

அவர்மேல் தப்பில்லை.
எங்கள் முனையில்
எண்பது வயதைத் தாண்டிய எந்த மரத்துக்குள்ளும்
இரும்பு இருக்கலாம்.
எந்தப் படையின் இரும்பு என்று
மரம் விசாரித்ததில்லை.

ஆகவே ஆப்பு.
ஏழு இரும்பு ஆப்பு, நான்கு மர ஆப்பு,
பனியில் வழுக்கும் பூட்ஸ்.
முதல் அடிக்கு ஒன்றுமில்லை.
இருபதாவது அடிக்கு
உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
பிறகு அடி முதல் நுனி வரை
கோடித் துணி கிழியும் ஓசை.
காடி வாசம்.

மெர்லேயும் ஐவாரும் மேசை கேட்டபோது
இரண்டு பேர்.
"பத்துப் பேர் உட்கார வேண்டும்" என்றார்கள்.
ஓக் யாருக்காகவும் அவசரப்படாது:
விரற்கடைக்கு ஒரு வருஷம்.
படகுக் கொட்டகையில், இடையிடையே குச்சி கொடுத்து
பலகைகளை அடுக்கி வைத்தேன்.
பலகை எடை குறையக் குறைய
மெர்லே எடை கூடினாள்.
இழைக்கத் தொடங்கிய நாளில்
ஊக்கு நடந்தே பட்டறைக்குள் வந்து
ஒரு சீவல் சுருளைத் தின்று பார்த்தான்.

பெருக்கல் குறி போல் இரண்டு ஜோடிக் கால்.
முளைகளுக்கு ஜூனிப்பர்;
சீவும்போது மிளகு தட்டிய அம்மி போல் மணக்கும்.
காலில் இடும் துளைக்கு நேராக
கழுந்தில் துளை இட மாட்டேன்.
மயிரிழை தள்ளி இடுவேன்.
நேராக இருந்தால் முளை
சும்மா போய் உட்கார்ந்துகொள்ளும்.
தள்ளியிருந்தால்தான்
வளைந்து, முனகி,
இரண்டையும் இழுத்துப் பிடிக்கும்.
பசை வேண்டாம், திருகாணி வேண்டாம்.
கொஞ்சம் பிசகு வேண்டும்,
அதுவும் அளந்த பிசகு.

மூன்றாம் பலகையில்
க்ளிங்.

இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தேன். அலகில் ஒரு பொக்கை.
பலகையில் பால்பல் அளவு இரும்பு,
அதைச் சுற்றி உள்ளங்கை அகலம் கறுப்பு.
ஓக்கின் துவர்ப்பும் துருவும் கூடினால் மை.
இத்தனை வருஷமாக மரம் உள்ளுக்குள்
ஒரே எழுத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.
படிக்க நேரமில்லை.
அலகைத் தீட்டவே அரை நாள் போயிற்று.

ஐவார் வந்து பார்த்துவிட்டு
"கவிழ்த்துப் போட்டுவிடு, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்" என்றான்.
கவிழ்த்தேன். அந்தப் பக்கம்
முஷ்டி நுழையும் முடிச்சு ஓட்டை.
"அப்படியானால் வேறு பலகை."
வேறு பலகை இன்னொரு மரம்,
இன்னொரு இரண்டு வருஷம்.
மெர்லே ஒன்றும் சொல்லாமல் காருக்குப் போய்
ஒரு சூப் தட்டை எடுத்து வந்தாள்.
கறுப்பின் மேல் வைத்தாள்.
சரியாக மூடியது.
"யாருடைய தட்டு?" என்றான் ஐவார்.
ஊக்கு அப்போது
என் கொட்டாப்புளியைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முடியவில்லை.

இரும்பைத் தோண்டி எடுத்தேன்.
குழியை அடைக்கவில்லை,
விளிம்பை மட்டும் வழவழப்பாக்கினேன்.
ஆளி விதை எண்ணெய், மூன்று பூச்சு.
அவர்கள் வீட்டுத் தரை வடக்கே சரிவு;
ஒரு காலைச் சீவித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.
பில்லில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதினேன்,
முளைகளுக்குக்கூட.
இரும்புக்கு என்ன எழுதுவது?
அது ஒரு தீப்பெட்டிக்குள்
என் ஜன்னலோரம் இருக்கிறது. நான்கு கிராம்.

பிப்ரவரியில் போனேன்,
பலகை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க.
அந்த இடத்தில் ஊக்குவின் உயர நாற்காலி.
குழியில் ஒரு பட்டாணி.
மெர்லே கத்தி நுனியால் தோண்டி எடுக்கிறாள்,
அவன் அடுத்ததை வைத்து
விரலால் அமுக்குகிறான்.
ஒரு நாளைக்கு எத்தனை முறை என்றேன்.
எண்ணுவதை விட்டாயிற்று என்றாள்.

மேற்கு மூலையில் ஒரு முளை
தாள் கனத்துக்கு மேலே எழும்பியிருந்தது.
செருப்பைக் கழற்றி
இரண்டு தட்டு தட்டிவிட்டு
சூப்புக்கு உட்கார்ந்தேன்.